கருவிப் பட்டியல்களுக்குப் பின்னால் இருப்பவர்கள்

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணையதளங்களில் பதிந்திருந்த சிறு நிரல் ஒன்று, கைப்பேசியில் அந்தத் தளங்களுக்கு வந்தவர்களில் சிலரைச் சத்தமில்லாமல் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. 2024 ஜூனில் சான்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்தது. நிரல் வந்த இடம் பாலிஃபில்.ஐஓ.

பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை ஈடுகட்டித் தரும் நிரலுக்குப் பாலிஃபில் என்று பெயர். அந்தச் சேவையின் ஒரு வரியைப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், வருகிற உலாவி எது என்று பார்த்து, அதில் குறைவதை மட்டும் அனுப்பிவைக்கும். இலவசம், வேலையும் மிச்சம். வலை உருவாக்கத்துக்குப் பயனுள்ள கருவிகள் என்று வெளிவந்த பட்டியல்களில் அது பல ஆண்டுகள் இடம்பிடித்திருந்ததில் வியப்பில்லை. 2024 பிப்ரவரியில் அதன் டொமைனும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருந்த கணக்கும் ஃபன்னல் என்ற சீன நிறுவனத்தின் கைக்குப் போயின. சேவையை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், இதை உடனே எடுத்துவிடுங்கள், இன்றைய தளங்கள் எதற்கும் இது தேவையில்லை என்று அப்போதே பகிரங்கமாக எச்சரித்தார். காதில் போட்டுக்கொள்ளாதவர்களே அதிகம். நான்கு மாதம் கழித்து வெளிப்பட்ட கெடுநிரலோ சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தது. குறிப்பிட்ட கைப்பேசிகளில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் இயங்கும். வந்திருப்பவர் தளத்தின் நிர்வாகி என்று தெரிந்தால் அடங்கிக் கிடக்கும். தளத்தை நடத்துபவர் தானே திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

பட்டியல் போட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் எழுதிய நாளில் அது நல்ல கருவிதான். பிறகு உரிமையாளர் மாறினார். அந்தச் செய்தி பட்டியலுக்கு எட்டவில்லை. வலை உருவாக்கம், எழுத்துரு, தொழில்நுட்பம் என்று எந்தத் துறையை எடுத்தாலும், பயனுள்ளது எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு இன்று விடை கொட்டிக்கிடக்கிறது. கிடைத்ததை யார் பராமரிக்கிறார், என்ன உரிமத்தில் தருகிறார், அவர் கைவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விகளுக்குத்தான் விடை தேட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தத் தேடலைப் பற்றியது.

தொகுத்தவர்களின் கதை

இணையத்தில் இருப்பவற்றைத் தொகுத்துவைக்கும் முயற்சி இணையத்தின் வயதே உடையது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 1991இல் துறைவாரியான ஒரு தொகுப்பைத் தொடங்கினார். ‘வெர்ச்சுவல் லைப்ரரி’ என்ற பெயரில் அது தன்னார்வலர்கள் பொறுப்பில் வளர்ந்தது. 1994இல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த தளங்களை வகைப்படுத்திவைத்ததுதான் பின்னாளில் யாஹூ ஆனது. 1998இல் தொடங்கிய டிமாஸ், பல்லாயிரம் தன்னார்வலர்களைத் தொகுப்பாசிரியர்களாக வைத்துக்கொண்டு அதையே இன்னும் பெரிதாகச் செய்யப் பார்த்தது. யாஹூ தன் அடைவை 2014 இறுதியில் மூடியது. டிமாஸ் 2017 மார்ச்சில் மூடப்பட்டது.

தேடுபொறிகள் வந்ததால் இவை செத்தன என்பது பாதி உண்மை. ஒரு தளத்தைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை; அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, தரம் கெட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 2003இல் வந்த டெலிஷியஸ் வேறு வழியில் போனது. பயனர்கள் தங்களுக்காகக் குறித்துவைக்கும் சுட்டிகளையே பொதுவில் வைத்து, ஒரே பக்கத்தை எத்தனை பேர் குறித்திருக்கிறார்கள் என்று காட்டியது. தொகுப்பாசிரியர் இல்லாமலே தொகுப்பு உருவாகிவிட்டது. யாஹூ அதை 2005இல் வாங்கியது. பிறகு கைமாறிக் கைமாறி, 2017இல் அதன் போட்டியாளரான பின்போர்டிடம் போய்ச் சேர்ந்து ஓய்ந்தது. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது, தளங்களின் புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து தரும் ஓடை (ஆர்எஸ்எஸ்) வழியாகப் படித்துக்கொண்டிருந்த பெருங்கூட்டம் சிதறிப்போனது. ஓடைகள் சாகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நல்ல தொழில்நுட்ப எழுத்தாளர்கள் பலர் இன்னும் அவற்றைத் தருகிறார்கள், படிக்கும் செயலிகளும் ஏராளம். யாருடைய பரிந்துரைச் சூத்திரமும் குறுக்கே வராமல் புதியதைக் கண்டுகொள்ள இதைவிடச் சுத்தமான வழியை நான் அறியேன்.

இப்போதைய அடைவுகள் கிட்ஹப்பில் இருக்கின்றன. 2014இல் சிண்ட்ரே சோர்ஹஸ் தொடங்கிய ‘ஆசம்’ பட்டியலின் கிளைகளாக, நினைக்க முடிந்த தலைப்புகளுக்கெல்லாம் பட்டியல்கள் முளைத்துவிட்டன. இவற்றில் ஒரு நல்ல குணம் உண்டு: எந்த வரி எப்போது சேர்ந்தது, யார் சேர்த்தார், ஏன் நீக்கப்பட்டது என்ற வரலாறு முழுவதும் திறந்தே இருக்கிறது. பட்டியலைப் படிப்பதைவிட அந்த வரலாற்றைப் படிப்பது சில நேரம் அதிகம் கற்றுத்தரும். நீக்கங்களே நடக்காத பட்டியலை நான் நம்புவதில்லை. சேர்ப்பவர் இருக்கிறார், பார்ப்பவர் இல்லை என்று அதற்குப் பொருள். பக்கத்தில் மின்னும் நட்சத்திர எண்ணிக்கைக்கும் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. பிறகு பார்க்கலாம் என்று குத்திவைத்துப் போனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு, பணத்துக்கு நட்சத்திரம் விற்பவர்களும் உண்டு.

உலாவிக்குள்ளேயே இருப்பது

கருவி தேடி வெளியே போகும் முன் உலாவியைத் திறந்து பார்ப்பது நல்லது. 2006இல் ஜோ ஹியூவிட் ஃபயர்ஃபாக்ஸுக்கு எழுதிய ஃபயர்பக் என்ற நீட்சி, ஒரு பக்கத்தின் உள்கட்டமைப்பை உயிரோடு திறந்து காட்டி, அங்கேயே மாற்றியும் பார்க்கவைத்தது. அதற்கு முன் நிரலில் பிழை தேடுவது பெரும்பாலும் ஊகம்தான். இன்று எல்லா உலாவிகளிலும் அந்த வசதிகள் உள்ளேயே வந்துவிட்டன. ஃபயர்பக் 2017இல் விடைபெற்றது.

எழுத்துருவைப் பற்றி அறிய விரும்புபவருக்கு ஃபயர்ஃபாக்ஸின் டெவலப்பர் கருவிகளில் எழுத்துருக்களுக்கென்றே ஒரு பலகம் இருக்கிறது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்தால், நிரலில் கேட்ட எழுத்துரு எது என்பதோடு நிற்காமல், திரையில் உண்மையில் வந்திருப்பது எது என்றும் காட்டும். குரோமில் ‘கம்ப்யூட்டட்’ (கணிக்கப்பட்ட நடைகள்) பலகத்தில், அடியில், அதே தகவல் கிடைக்கும். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து சோதித்துப் பார்க்கலாம். வடிவமைப்பாளர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் இலத்தீன் எழுத்துகள் மட்டும் இருந்திருக்கும். தமிழ் முழுவதையும் இயங்குதளம் தன் கைவசமிருந்த ஏதோ ஓர் எழுத்துருவால் நிரப்பியிருக்கும். எத்தனையோ தளங்களின் தமிழ்த் தோற்றம் யாரும் தேர்ந்தெடுக்காத தோற்றம்தான்.

அடுத்த இடம் எம்டிஎன் என்ற வலைத் தொழில்நுட்ப ஆவணத் தளம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பற்றிய கேள்விக்குத் தேடுபொறி எத்தனை முடிவுகளைக் காட்டினாலும் நான் முதலில் திறப்பது இதைத்தான். காரணம் அதன் நடையழகு அல்ல. பல இடங்களில் வறண்ட எழுத்துதான். மொசில்லா 2005இல் தொடங்கிய இந்த ஆவணத் தொகுப்பில் 2017 முதல் மைக்ரோசாஃப்ட், கூகுள், சாம்சங், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி எல்லாம் கூட்டாளிகள். உலாவி செய்யும் போட்டியாளர்கள் சண்டையில்லாமல் கூடும் அரிய இடம். 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது எம்டிஎன் எழுத்தாளர்களும் அதில் அடங்கினார்கள். இனி இது தேங்கிவிடும் என்று பலரும் அஞ்சினார்கள். ஆனால் உள்ளடக்கம் முழுவதும் கிட்ஹப்புக்கு மாற்றப்பட்டது. 2021 ஜனவரியில் ஓபன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு உருவாகி, பல நிறுவனங்களிடம் நிதி திரட்டி எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. உள்ளடக்கம் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால்தான் இதெல்லாம் நடக்க முடிந்தது. ஒரு நிறுவனம் தள்ளாடியபோது மற்றவர்கள் தோள்கொடுக்கச் சட்டப்படி தடையில்லை.

எந்த வசதி எந்த உலாவியில் வேலை செய்யும் என்பதற்கு அலெக்சிஸ் டெவேரியாவின் ‘கேன் ஐ யூஸ்’ தளம் நெடுங்காலமாக இருக்கிறது. 2023இல் இதற்குச் சுருக்கமான அளவுகோல் ஒன்றும் வந்தது: பேஸ்லைன். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்து சேர்ந்த நாளில் அது ‘புதிதாகக் கிடைப்பது’; அதிலிருந்து 30 மாதம் கடந்தால் ‘பரவலாகக் கிடைப்பது’. எம்டிஎன் பக்கங்களின் உச்சியிலேயே இந்தக் குறி இருக்கும். பழைய கருவி ஒன்றைப் பரிந்துரைக்கும் எந்தப் பக்கத்தைப் படித்தாலும், அந்தக் கருவி செய்யும் வேலையை உலாவி தானே செய்யத் தொடங்கிவிட்டதா என்று இங்கே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

எழுத்துரு: இலவசம் என்ற சொல்லின் பல வண்ணங்கள்

1996இல் மைக்ரோசாஃப்ட் வலைக்கென்று சில எழுத்துருக்களை இலவசமாகத் தந்தது. மேத்யூ கார்ட்டர் திரைக்காகவே வடித்த வெர்டானாவும் ஜார்ஜியாவும் அதில் இருந்தன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வலை முழுவதும் அந்த ஒரு கைப்பிடி எழுத்துருக்களால்தான் எழுதப்பட்டது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வழி 1998இன் சிஎஸ்எஸ் 2 விதிகளிலேயே இருந்தும், உலாவிகள் ஒத்துவராததாலும் எழுத்துரு நிறுவனங்கள் திருட்டுக்கு அஞ்சியதாலும் அது கிடப்பில் போனது. 2008இல் சஃபாரி வழிவிட்டது. 2009இல் டைப்கிட், 2010இல் கூகுள் ஃபாண்ட்ஸ் என்று சேவைகள் வரிசையாக வந்தன. வாஃப் என்ற சுருக்கப்பட்ட கோப்புவடிவம் 2012இல் டபிள்யூ3சியின் பரிந்துரையானது. அதைவிட நன்றாகச் சுருங்கும் வாஃப் 2 வடிவம் 2018இல். இன்று ஒரு தளத்துக்கு வாஃப் 2 மட்டும் போதும். நான்கைந்து வடிவங்களில் கோப்பு தரும் பழைய நிரல்துண்டுகளை இன்னும் நகலெடுத்து ஒட்டுபவர்கள் வீண்வேலை செய்கிறார்கள்.

வடிவம் தீர்ந்த பிரச்சினை. உரிமம் தீராதது. ‘இலவச எழுத்துரு’ என்று தேடினால் வரும் தளங்களில் பாதிக்கும் மேலாகச் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்ற வரி எங்காவது சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். பணம் கொடுத்து வாங்கிய எழுத்துருவாக இருந்தாலும், கணினியில் நிறுவி அச்சுக்குப் பயன்படுத்தும் உரிமம் வேறு, சர்வரில் வைத்து வாசகர்களுக்கு அனுப்பும் உரிமம் வேறு. முன்னதை வாங்கிவிட்டுப் பின்னதைச் செய்வது மீறல்தான். இந்தக் குழப்பத்திலிருந்து தப்ப எளிய வழி, 2007இல் எஸ்ஐஎல் அமைப்பு வெளியிட்ட திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1 பதிப்பைத் தாங்கிய எழுத்துருக்களைத் தேர்ந்தெடுப்பது. தளத்தில் வைக்கலாம், நூலில் பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மாற்றியதையும் இதே உரிமத்தில்தான் தர வேண்டும். ஒரு நுணுக்கம் பலர் கவனத்துக்கு வருவதில்லை. சில எழுத்துருக்களின் பெயர் ஒதுக்கப்பட்ட பெயராக அறிவிக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்டதில் தேவையில்லாத எழுத்துகளை வெட்டிக் கோப்பைச் சிறிதாக்கினால் அதுவும் மாற்றம்தான். பழைய பெயரிலேயே பகிர முடியாது.

உரிமத்தைத் தளத்தின் விளம்பர வாசகத்தில் படிக்காமல் கோப்பிலேயே படிக்கலாம். எழுத்துருக் கோப்புக்குள் பெயர் அட்டவணை என்று ஒன்று உண்டு. வடிவமைத்தவர், பதிப்பு எண், உரிமம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ரோல் நீஸ்கென்ஸ் உருவாக்கிய ‘வாகமாய் ஃபோண்டூ’ என்ற தளத்தில் கோப்பை இழுத்துப் போட்டால், எந்த எழுத்துமுறைகளைத் தாங்குகிறது, கூட்டெழுத்து போன்ற என்னென்ன ஓபன்டைப் வசதிகள் இருக்கின்றன என்று விரித்துக் காட்டும். கட்டளைவரி பழகியவர்களுக்கு ஃபாண்ட்டூல்ஸ் இருக்கிறது. ஜஸ்ட் வான் ராசம் பைத்தானில் எழுதத் தொடங்கிய இந்தத் தொகுப்புத்தான் இன்று எழுத்துரு உலகின் அன்றாடக் கருவி. கோப்பைப் பிரித்து உரைவடிவில் காட்டவும், வேண்டிய எழுத்துகளை மட்டும் வெட்டியெடுக்கவும் இதில் வழி உண்டு.

ஓர் எழுத்துரு நல்லதா என்று பார்க்க மாதிரிப் படத்தை நம்புவதில் பயனில்லை. மாதிரிப் படத்தில் பெரிய அளவில், அழகான சொல் ஒன்றுதான் இருக்கும். தமிழுக்கு என்றால் நான் ஒரு பத்தியைச் சிறிய அளவில் ஓடவிட்டுப் பார்ப்பேன். முதலில் கு, கூ, மூ போன்ற கீழே இறங்கும் எழுத்துகள் ஒரு வரியிலும், கி, கீ போன்ற மேலே சுழியிட்ட எழுத்துகள் அதற்கு அடுத்த வரியிலும் வருமாறு அமைப்பேன். இலத்தீன் எழுத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் இவை ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். இடைவெளியை எழுத்து அளவின் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றியதும் மூச்சு விட இடம் கிடைக்கும். அடுத்தது புள்ளி. சிறிய அளவில் ‘ன்’, ‘ம்’ ஆகியவற்றின் புள்ளி உடலோடு ஒட்டிக்கொண்டால் அந்த எழுத்துரு தலைப்புக்கு மட்டும்தான் லாயக்கு. கடைசியில் தடித்த வடிவம். எழுத்துருவில் தடித்த வடிவம் உண்மையிலேயே இல்லாவிட்டால் உலாவி தானாகக் கோடுகளைப் பருமனாக்கிவிடும். ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் உள்வெளிகள் அடைத்துக்கொண்டு கறையாகத் தெரியும். சிஎஸ்எஸில் செயற்கைத் தடிப்பை அணைக்க ஒரு பண்பு இருக்கிறது. அதை அணைத்துவிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

திரையில் எழுத்து எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் அறிந்திருப்பது இங்கே உதவும். ‘கொ’ என்று எழுதும்போது கோப்பில் இருப்பது ‘க’ என்ற குறியீடும் அதைத் தொடரும் ஒகரக் குறியும் மட்டும்தான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னே கொண்டுபோய், காலைப் பின்னே நிறுத்துவது எழுத்து வடிவாக்க நிரலின் வேலை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதைச் செய்வது பெஹ்தாத் எஸ்ஃபாபோத் உருவாக்கிய ஹார்ஃப்பஸ். ‘கு’வுக்குத் தனி வடிவம் வருவதோ எழுத்துருவுக்குள் இருக்கும் மாற்றீட்டு அட்டவணையின் வேலை. அந்த அட்டவணையைத் தொலைத்துவிடும் மட்டமான கோப்புமாற்றியில் ஓர் எழுத்துருவைப் போட்டு எடுத்தால், ‘கொ’ சரியாக வரும், ‘கு’ மட்டும் உடைந்து நிற்கும். பிழை எங்கே என்று தெரியாமல் உலாவியைத் திட்டிக்கொண்டிருப்போம். மாற்றி எடுத்த எழுத்துருவை உயிர்மெய் வரிசை முழுவதையும் எழுதிச் சோதிக்காமல் ஏற்ற வேண்டாம்.

கட்டற்ற தமிழ் எழுத்துருக்களில் தேர்வுக்கு இன்று பஞ்சமில்லை. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், எக் டைப்பின் முக்தா மலர், நோட்டோ குடும்பத்தின் தமிழ் வடிவங்கள், நூல் நடைக்கு ஏற்ற டிரோ தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. நீண்ட கட்டுரைக்குக் கட்டமரனை நான் வைக்க மாட்டேன். பொத்தான்களுக்கும் தலைப்புகளுக்கும் அது கச்சிதம். இது ருசி சார்ந்த தீர்ப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

எழுத்துருவை எங்கிருந்து அனுப்புவது என்ற கேள்விக்கு விடை சில ஆண்டுகளுக்குள் தலைகீழாகிவிட்டது. கூகுளின் சர்வரிலிருந்தே எழுத்துருவை எடுப்பதற்கு முன்பு ஒரு வலுவான காரணம் சொல்வார்கள்: வாசகர் வேறு தளத்தில் அதே எழுத்துருவை ஏற்கனவே இறக்கியிருந்தால் உலாவியின் சேமிப்பிலிருந்தே வந்துவிடும், நம் தளம் வேகமாகத் திறக்கும். 2020 அக்டோபரில் வந்த குரோம் 86 முதல் அது நடப்பதில்லை. ஒரு தளத்துக்காகச் சேமித்ததை இன்னொரு தளத்துக்குக் கொடுத்தால், அதை வைத்து வாசகர் எங்கெங்கே போனார் என்று உளவு பார்க்க முடியும் என்பதால் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டார்கள். சஃபாரி இதை 2013இலேயே செய்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரியில் சேர்ந்துகொண்டது. பிறகு 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் மாவட்ட நீதிமன்றம், வாசகரின் ஐபி முகவரி அவர் சம்மதமில்லாமல் கூகுளுக்குப் போனது தனியுரிமை மீறல் என்று கூறி, தளத்தை நடத்தியவர் 100 யூரோ இழப்பீடு தர உத்தரவிட்டது. தொகை சிறிது, ஐரோப்பாவில் தளம் நடத்துவோர் பலர் அவசர அவசரமாக எழுத்துருக்களைத் தங்கள் சர்வருக்கு மாற்றிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. வேகம் என்ற காரணம் போய்விட்டது, தனியுரிமை என்ற எதிர்க்காரணம் வந்துவிட்டது. ஆனாலும் பயிற்சிப் பக்கங்கள் பல இன்னும் பழைய காரணத்தையே ஓதிக்கொண்டிருக்கின்றன.

பிறர் நிரல், பிறர் தளம்

2016 மார்ச் 22 அன்று, உரைக்கு இடப்புறம் வெற்றிடம் சேர்க்கும் 11 வரி நிரலொன்றை அதன் ஆசிரியர் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். வேறொரு நிரல்தொகுப்பின் பெயர் தொடர்பாக ஒரு நிறுவனத்தோடும் என்பிஎம்மோடும் ஏற்பட்ட தகராறுதான் காரணம். ‘லெஃப்ட்-பேட்’ என்ற அந்தத் துணுக்கை நேரடியாகக் கேள்விப்பட்டிராத ஆயிரக்கணக்கான திட்டங்கள், புதிய ஜாவாஸ்கிரிப்ட்டைப் பழைய உலாவிகளுக்கு ஏற்ப மாற்றித் தரும் பேபல் உள்பட, அன்று உருவாக முடியாமல் நின்றன. சுமார் இரண்டு மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்ப வைத்தது. எடுப்பதற்கான விதிகளையும் பின்னர் இறுக்கியது.

2018இல் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ என்ற பிரபலமான தொகுப்பின் ஆசிரியருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்த அறிமுகமற்ற ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். வந்தவர் சில வாரங்களில் பிட்காயின் பணப்பையொன்றைக் குறிவைத்த திருட்டு நிரலைச் சேர்த்துவிட்டார். பொறுப்பைக் கொடுத்தவரைப் பலர் ஏசினார்கள். சம்பளமில்லாமல் உலகத்துக்கே நிரல் எழுதிக் கொடுத்தவர் களைத்துப்போனது குற்றமா என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே ஒரு தொகுப்பைச் சேர்க்கும் முன் அதைத் தாங்குபவர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது மட்டும் நல்ல அளவுகோல் ஆகாது. வேலை முடிந்த சிறு கருவிக்கு ஆண்டுக்கணக்கில் மாற்றம் தேவைப்படாமல் இருக்கலாம். பிழை அறிக்கைகளுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா, பாதுகாப்பு ஓட்டை சொல்லப்பட்டபோது எத்தனை நாளில் அடைத்தார்கள், வெளியிடும் உரிமை ஒரே ஆளிடமா பலரிடமா என்பவை இன்னும் தெளிவாகப் பேசும். அது தன் பங்குக்கு எத்தனை தொகுப்புகளை இழுத்துவருகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். வெளிச் சர்வரிலிருந்து ஸ்கிரிப்ட் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கோப்பின் கைரேகையைக் குறித்து, அது மாறியிருந்தால் இயக்காதே என்று உலாவிக்குச் சொல்லும் வழி இருக்கிறது. 2016இல் டபிள்யூ3சி பரிந்துரையானது அது. ஆளுக்கு ஆள் மாறும் நிரலை அனுப்பும் சேவைகளுக்கு மட்டும் அது பொருந்தாது.

இணையத்திலேயே இயங்கும் சிறு கருவிகள் இன்னொரு வகை. ஜேசான் வடிவத் தரவை ஒழுங்குபடுத்த, படத்தைச் சுருக்க, உள்நுழைவு டோக்கனைப் பிரித்துப் பார்க்க என்று தேடினால் முதலில் வருவது யாருடைய தளம் என்றே தெரியாது. அதில் நிறுவனத்தின் ரகசியத் திறவுச்சொல்லை ஒட்டுபவர்கள் தினமும் இருக்கிறார்கள். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தளத்தைத் திறந்தபின் டெவலப்பர் கருவிகளின் நெட்வொர்க் பலகத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பொய்த்தகவல் கொடுத்து இயக்கிப் பாருங்கள். துண்டித்த நிலையிலும் வேலை செய்தால், வேலை உங்கள் கணினியிலேயே நடக்கிறது. இணைப்பைத் திரும்பக் கொடுத்ததும் ஏதாவது வெளியே போகிறதா என்று அதே பலகத்தில் கவனிக்கலாம். கூகுள் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஸ்குவூஷ் படங்களை இப்படித்தான் உள்ளேயே சுருக்குகிறது. பிரிட்டனின் ஜிசிஎச்க்யூ உளவமைப்பு 2016இல் திறமூலமாகத் தந்த சைபர்ஷெஃப்பை முழுவதுமாக இறக்கிவைத்துக்கொண்டு இணைப்பே இல்லாமல் பயன்படுத்தலாம். ரகசியத்தைக் காப்பாற்றும் கருவியை உளவமைப்பிடமிருந்து வாங்குகிறோமே என்று சிரிப்பு வந்தாலும், நிரல் திறந்திருக்கிறது, படித்துப் பார்த்தவர்கள் பலர்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக் கருவி தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை போதும். இல்லாத நிரல்தொகுப்பின் பெயரை இருப்பதுபோலச் சொல்லும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. அப்படிச் சொல்லப்படும் பெயர்களைத் தாங்களே பதிவுசெய்து கெடுநிரலை ஏற்றிவைக்கும் வழியை மோசடிக்காரர்களும் அறிந்திருக்கிறார்கள். பெயரைக் களஞ்சியத்தில் தேடி, எப்போது தொடங்கியது, யாருடையது என்று பார்க்காமல் நிறுவ வேண்டாம்.

பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியவை

பிடித்த கருவிகளைக் குறித்துவைப்பவர்கள் முகவரியோடு நாளையும் காரணத்தையும் எழுதிவைத்தால் பிறகு நீக்குவது எளிது. எதற்காகச் சேர்த்தோம் என்று தெரிந்தால்தான் அந்தத் தேவை தீர்ந்துவிட்டதா என்று சொல்ல முடியும். முக்கியமான பக்கமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு நகல் சேமித்துவிடுவது நல்லது.

தேவை தீர்ந்துவிட்டது என்று கருவியே சொல்வதும் உண்டு. தேதிகளைக் கையாள ஏறக்குறைய எல்லோரும் பயன்படுத்திய மொமென்ட் தொகுப்பின் குழுவினர், 2020 செப்டம்பரில், இனிப் புதிய வசதி எதுவும் சேர்க்க மாட்டோம், புதிய திட்டங்களில் எங்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவித்து, மாற்றுகளையும் பரிந்துரைத்தார்கள். அந்த நேர்மை எல்லாத் தொகுப்புகளுக்கும் வாய்ப்பதில்லை. மற்றவற்றுக்கு நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுத்து எண்ணுவதை எடுத்துக்கொள்ளலாம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஒரு படிவத்தில் எழுத்து வரம்பு வைத்தாலோ, நீண்ட தலைப்பை வெட்டி மூன்று புள்ளி போட்டாலோ, மெய்யெழுத்தின் புள்ளி துண்டாகிப் போவது இதனால்தான். இதற்கென்றே நெடுநாள் தனித் தொகுப்புகள் இருந்தன. இப்போது இன்டல் செக்மென்டர் என்ற வசதி உலாவிக்குள்ளேயே இருக்கிறது. அதே சொல்லைக் கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரிக்கும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்றவற்றை இரண்டாக எண்ணும், அதை நாம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குரோமில் இது 2020 நவம்பரில் வந்தது, சஃபாரியில் 2021இல். ஃபயர்ஃபாக்ஸ் 2024 ஏப்ரலில் 125ஆம் பதிப்பில் சேர்த்தது. எழுத்தைப் பிரிக்கத் தனித் தொகுப்பு நிறுவச் சொல்லும் பக்கம் ஒன்று உங்கள் குறிப்பில் இருந்தால், அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.